ஒரு கட்டி வெல்லம்

பரங்கிக்காய்ப் புளிக்கறியை ஐந்து நிமிஷத்தில் செய்து இறக்கிவிடலாம் என்று இந்த உலகத்தில் முதன்முதலாகச் சொன்ன புண்ணியவான் யார், அவர் எந்த ஊர்க்காரர், அவருடைய வீட்டில் கடிகாரம் என்ற சாதனம் இருந்ததா என்பனவற்றையெல்லாம் விசாரித்து ஒரு முடிவுக்கு வரும் வரையில் வேறு எந்த விஷயத்தைப் பற்றியும் எழுதுவதில்லை என்று சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணிக்கு ஒரு சங்கற்பம் செய்துகொண்டேன். அதைச் செய்துகொண்ட க்ஷணத்தில் என் வலது கைக் கட்டைவிரல் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் இருந்தது. இடது கை, அடிபிடித்த பாத்திரம் ஒன்றை மனிதர் கண்ணில் படாதபடி வைப்பதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தது. கூடத்தில் என் மைத்துனர், மோர்ச் சோற்றுக்கு நாரத்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, ஒருவரையும் ஒன்றும் குறை சொல்லாமல், அதாவது குறை சொல்வதைக் காட்டிலும் கொடுமையான விதத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறு நாட்கள் ஆகின்றன. கட்டைவிரல் ஆறிவிட்டது. மனம் ஆறவில்லை.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்த முன்னோர் எப்பொழுதாவது ஆக்கியிருக்கிறார்களா, அல்லது திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, பிறர் ஆக்கியதை ஆறவைத்துச் சாப்பிட்டதோடு சரியா என்ற சந்தேகம் இப்பொழுது எனக்கு வலுத்திருக்கிறது. எப்படியானாலும், இக்கட்டுரையின் இறுதியில் அந்தப் புளிக்கறியை மெய்யாகவே விரைவாகச் செய்யும் உபாயத்தைச் சொல்வதாக இருக்கிறேன். அடுப்பை மூட்டிவிட்டுப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அணைத்துவிட்டு வந்து உட்காரலாம்.

என் மனைவி திருச்சிராப்பள்ளியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். புறப்படும்பொழுது, சமையலறையில் எது எது எங்கே இருக்கிறதென்று எனக்குச் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்திப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெள்ளிக்கிழமை காலை அவளுடைய தமையனார் மதுரையிலிருந்து தொலைபேசியில் பேசினார். "கோர்ட்டு வேலையா புதுக்கோட்டை வர்றேன் மாப்பிள்ளை. ஒரு மணி வாக்குல உங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயிடுறேன். நீங்க ஒண்ணும் மெனக்கெட வேணாம். தங்கச்சி இல்லைன்னு தெரியும்" என்றார். 'மெனக்கெட வேண்டாம்' என்ற சொற்றொடரைப் போல ஒரு மனிதனை மெனக்கெட வைக்கக்கூடியது தமிழ் மொழியில் வேறொன்றும் இல்லை. அதன் பின்னால் வந்த 'தங்கச்சி இல்லைன்னு தெரியும்' என்பதோ நேராக வந்து என் சுயமரியாதையில் தைத்தது. முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கோப்புகளைப் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவனுக்கு ஒரு வெஞ்சனம் செய்யத் தெரியாதென்று ஒரு மதுரைக்காரர் முடிவு கட்டிவிடுவதா? சோறு வடிக்க எனக்குத் தெரியும். ரசம் வைப்பேன், அது ரசம்தான் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். சாம்பாரைத் தெருமுனையில் வாங்கிக்கொண்டுவிடலாம். குறை, தொட்டுக்கொள்ள ஒன்று. சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடியிருந்தது. அங்கே பொன்னிறமாக ஒரு பரங்கிக் கீற்று என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்து வாங்கி வந்தேன்.

செய்முறையை எங்கே கற்றேன் என்று யாரும் கேட்கப்போவதில்லை. நீங்கள் கற்கும் அதே இடத்தில்தான். இரவு படுக்கப் போகுமுன் கைத்தொலைபேசியில் ஏழெட்டுப் பதார்த்தங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்தில் பிறந்து, வளர்ந்து, கறிவேப்பிலை சூடி, கிண்ணத்தில் ஏறி மறைவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல் மோர்ச் சோறு சாப்பிடுகிறவர்கள்தாமே நாம் எல்லோரும்? அந்தப் படங்களில் வெங்காயம் உரிபடுவதில்லை. உரித்து, நறுக்கி, பிறவியிலேயே அப்படித்தான் இருந்ததுபோல ஒரு கிண்ணத்திலிருந்து குதிக்கிறது. எண்ணெய் காய்வதில்லை, காய்ந்தே வருகிறது. செய்துகாட்டும் அம்மையாரின் கைகள் மட்டும் தெரிகின்றன. வளையலில் கூட ஒரு பொட்டு மஞ்சள்தூள் இல்லை. 'அடிகனமான பாத்திரத்தில், பொடித்த வெல்லம் ஒரு கப்' என்று ஒரு குரல் வருகிறது. பொடித்த வெல்லம்! இந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை மனித வேதனை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அப்பொழுது நான் அறியவில்லை.

ஒரு சாட்சியை நம்பி எந்தக் கோப்பிலும் நான் கையெழுத்திட்டதில்லை. ஆகையால் எதிர்வீட்டு ஆச்சியையும் போய்க் கேட்டேன். ஆச்சிக்குப் பூர்விகம் கடியாபட்டி; எண்பதைத் தாண்டியவர்; பரங்கிக்காய்ப் புளிக்கறி என்ற வஸ்து அவர்கள் வீட்டு விசேஷங்களில் இலையின் ஓரத்தில், தோலோடு நறுக்கிய துண்டுகளாக, வெல்லப்பாகு மேலெல்லாம் பூசிப் பளபளத்துக்கொண்டு, புளிப்பும் காரமும் இனிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதை நான் பல தடவை கண்டும் உண்டும் இருக்கிறேன். ஆச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அதுல என்ன இருக்கு தம்பி? வெங்காயத்தையும் காயையும் வதக்கிக்கிட்டு, கொஞ்சம் மொளகாப்பொடி போட்டு, கொஞ்சம் புளியைக் கரைச்சு ஊத்தி, ஒரு கட்டி வெல்லத்தைத் தட்டிப் போட்டா முடிஞ்சுது." முடிஞ்சுது! ஓர் ஆயுட்காலம் அடுப்படியில் நின்றவர்களுடைய பாஷையில் 'கொஞ்சம்' என்பது ஓர் அளவு. 'முடிஞ்சுது' என்பது ஒரு செய்முறை. 'அதுல என்ன இருக்கு' என்பது அந்த சாஸ்திரத்தின் முகவுரை. "எவ்வளவு புளி, ஆச்சி?" என்றேன். "நெல்லிக்காயளவு" என்றார். அருநெல்லியா, மலைநெல்லியா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி தொண்டைக்குள்ளேயே கரைந்துவிட்டது.

இங்கே, நம்முடைய பாரம்பரியப் பதார்த்தம் என்று நாம் மார்தட்டும் இந்த வஸ்துவின் ஜாதகத்தை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். 1498ஆம் ஆண்டில் கள்ளிக்கோட்டைப் பக்கம் வந்து இறங்கிய போர்ச்சுக்கீசியரை நம்மவர் பறங்கியர் என்றார்கள். அவர்கள் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்த காயைப் பறங்கிக்காய் என்றார்கள். (றகரமா ரகரமா என்று புலவர்கள் சண்டையிடலாம், சந்தையில் இரண்டும் ஒரே விலை.) கொங்கு நாட்டார் அதையே அரசாணிக்காய் என்று பட்டம் சூட்டிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். மிளகாயும் அதே கடல்வழியே வந்ததுதான். புளிக்கு அராபியர் 'இந்தியப் பேரீச்சை' என்று பெயர் வைத்து, அதை உலகமே நம்பினாலும், மரத்தின் பூர்வாசிரமம் ஆப்பிரிக்கா என்று தாவர சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். ஆக, சட்டியின் முக்கியச் சரக்குகளில் கரும்பைக் காய்ச்சி வெல்லம் எடுக்கும் வித்தை ஒன்றுதான் நாம் நெடுங்காலமாக நம்முடையது என்று தைரியமாகச் சொல்லக்கூடியது. அந்நியப் பொருள்கள் அத்தனையும் அன்று எனக்கு அடங்கி நடந்தன; பரங்கிக்காய் வெட்டுப்பட்டது, மிளகாய் தும்ம வைத்தது, புளி ஊறியது. நம்முடையது என்று சொன்னேனே, அந்த ஒன்றுதான் எனக்குப் பகையாயிற்று.

வெல்லம் எங்கள் வீட்டில் மண்டை வெல்லமாக இருந்தது. பெயர்க் காரணத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மண்டையைப் போல உருண்டு, ஒரு மண்டையைப் போலக் கெட்டியாக, உள்ளே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று வெளியே தெரியாமல், ஒரு காகிதத்துக்குள் அது உட்கார்ந்திருந்தது. முதலில் கத்தியால் சீவினேன். கத்தி அதன் மேல் ஒரு கோடு போட்டது. இன்னொரு முறை சீவினேன். பக்கத்தில் இன்னொரு கோடு. இப்படியே போனால் மைத்துனர் வருவதற்குள் வெல்லத்தின் மேல் ஒரு சதுரங்கப் பலகை தயாராகிவிடும் என்று கண்டு கத்தியைத் துறந்து, பாக்குவெட்டியை எடுத்தேன். பாக்குவெட்டி வாயைத் திறந்து, வெல்லத்தின் சுற்றளவைப் பார்த்து, திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் கெட்டியானவற்றை உடைப்பது ஒரு பெரிய காரியமே அன்று என்பதை இங்கே தெரிவித்துக்கொள்ள வேண்டும். சித்தன்னவாசலில் ஏழடிப்பாட்டம் என்ற குகையில், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, சமண முனிவர்கள் படுத்துக்கொள்வதற்காகக் கருங்கல்லைத் தலையணையோடு சேர்த்துச் செதுக்கி, வழவழவென்று இழைத்து வைத்திருக்கிறார்கள். குடுமியான்மலையில், பாறை என்றால் பனையோலை என்று நினைத்துக்கொண்டு, சங்கீத சாஸ்திரத்தையே கிரந்த எழுத்தில் ஏழு பிரிவாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரம் நிற்கிறது; அதன் எதிரே மலையைக் குடைந்து இரண்டு கோயில்கள். திருக்கோகர்ணத்தில் குடைவரை, திருமயத்தில் சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று என்று ஒரே குன்றில் இரண்டு குடைவரைகள். இவ்வளவையும் உளியும் சுத்தியலும் கொண்டு சாதித்த ஜனங்களின் சந்ததியில் வந்த நான், ஒரு முழ உயர மேடை முன்னால், முக்கால் கிலோ வெல்லத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். ஒருவேளை அந்தச் சிற்பிகளுக்கும் கருங்கல்லுக்குப் பதிலாக மண்டை வெல்லத்தைக் கொடுத்திருந்தால் சித்தன்னவாசல் இன்றைக்கும் வெறும் குன்றாகவே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கல்லாவது அடித்த இடத்தில் உடைகிறது.

அடுத்தபடி அம்மிக்குழவி. அம்மி, மின்சார அரைவை இயந்திரம் வந்த நாளிலிருந்து கொல்லையில் சுவரோரமாகச் சந்நியாசம் வாங்கிக்கொண்டு நிற்கிறது. குழவியோ, துவைக்கும் கல்லின் கீழே முட்டுக்கொடுத்திருந்தது. அதை உருவினேன், துவைக்கும் கல் சாய்ந்தது, அதை நிமிர்த்த ஒரு செங்கல் தேடினேன், செங்கல்லின் அடியில் வசித்த ஒரு தேளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினேன். வெல்லத்தை ஒரு துண்டில் சுற்றித் தரையில் வைத்துக் குழவியால் ஓங்கி ஒன்று போட்டேன். துண்டு கிழிந்தது. மறுபடியும் ஒன்று போட்டேன். எதிர்வீட்டு ஆச்சி ஜன்னல் வழியாக, "சுவத்துல ஆணி அடிக்கிறீகளா தம்பி?" என்று விசாரித்தார். இல்லை என்றேன். "பின்ன?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

குழவி தோற்ற பிறகு கதவு. நிலைக்கும் கதவுக்கும் நடுவே, கீல் பக்கத்து இடுக்கில் தேங்காய், பாக்கு முதலியவற்றை வைத்து நெருக்கும் ஒரு முறை நம் வீடுகளில் உண்டு; ஒழுங்கான மனிதர் யாரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை, எல்லோரும் செய்திருக்கிறோம். இடுக்கில் வெல்லம் நுழையவில்லை. நுழைந்த மட்டில் வைத்துத் தள்ளினேன். பழைய காலத்துத் தேக்கு நிலை; 'கிரீச்' என்று ஒரு முறையிட்டது; ஒரு திருகாணி உதிர்ந்தது; வெல்லம் மேலும் வழவழப்பாகி வெளியே வந்தது. கடைசியில் சுத்தியல். சுத்தியலால் அடித்த முதல் அடியிலேயே வெல்லம் உடைந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எத்தனையாக உடைந்தது, எங்கெங்கே போயிற்று என்பதற்கு இன்றுவரை பூரணமான கணக்கு இல்லை. ஒரு கட்டி கட்டிலின் அடியில் கிடைத்தது. ஒன்று செருப்புக்குள். ஒன்று சுவாமி படத்தின் சட்டத்துக்குப் பின்னால் போய்த் தங்கி, நைவேத்தியமாகிவிட்டபடியால் அதை விட்டுவிட்டேன். இன்னும் ஒன்று எங்கோ இருக்கிறது, எறும்புகளுக்குத் தெரியும், அவை ஆறு நாளாக வடகிழக்கு மூலையை நோக்கி, எனக்கு ஒரு விவரமும் சொல்லாமல், சாரிசாரியாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

எங்கள் மாவட்டம் பிறந்தது 1974ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14ஆம் தேதி. 1948 மார்ச் 3ஆம் தேதி தொண்டைமான் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்குள் இருபத்தாறு வருஷம் குடித்தனம் இருந்த பிறகு, சரியாகப் பொங்கல் திருநாளன்று தனிக்குடித்தனம் வந்தோம். அதாவது, அந்த உத்தரவு அமலுக்கு வந்த வேளையில், மாவட்டம் முழுவதும் வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் குந்தி உட்கார்ந்து வெல்லம் தட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட முகூர்த்தத்தில் உதித்த ஒரு மாவட்டத்தில், அந்த ஓசை என் வீட்டில் ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லையே என்பதை நினைத்துப் பார்த்தேன். பொங்கலன்று நான் எழுந்து வரும்போது வெல்லம் எப்பொழுதும் தூளாகவே இருந்திருக்கிறது. பால் பொங்குவதும் நான் 'பொங்கலோ பொங்கல்' என்று கூவுவதும்தான் அந்தப் பண்டிகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் பற்றி மேலே எழுத எனக்கு விருப்பமில்லை.

உடைத்த வெல்லத்தையும் அப்படியே போட்டுவிட முடியாது. கரும்புச் சக்கை நார் ஒன்று, கோணிச் சணல் ஒன்று, மணல் கொஞ்சம், இனம் தெரியாத ஒரு சிறகு. ஆகையால் கால் டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தில் இந்தத் தூசி துரும்பெல்லாம் இராதே என்பீர்கள். அந்தப் பளிச்சுக்காக ஆலையில் 'ஹைட்ரோஸ்' என்ற ரசாயனத்தைப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என் மனைவி கறுத்த வெல்லத்தைத் தவிர வேறெதையும் வீட்டுக்குள் விடுவதில்லை. வடிகட்டியைத் தேடினேன். தேநீர் வடிகட்டி கிடைத்தது. அன்று மாலையிலிருந்து எங்கள் வீட்டுத் தேநீருக்குச் சர்க்கரை போட வேண்டியிருக்கவில்லை.

மணி பன்னிரண்டேமுக்கால். 'அடிகனமான பாத்திரம்' என்று அந்த அம்மையார் சொல்லியிருந்தபடியால், பரணில் ஏறி, வீட்டிலிருந்தவற்றுள் எல்லாம் அடி கனத்த பாத்திரத்தை இறக்கினேன். மாமியார் சீராகக் கொடுத்த பித்தளைச் சட்டி, உள்ளே ஈயம் பூசியது. எண்ணெய், கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் எல்லாம் கிரமப்படி நடந்தன. அதன் பின், நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில், காயையும் மிளகாய்த்தூளையும் புளிக்கரைசலையும் வெல்லத்தையும் ஒரே சமயத்தில் கொட்டினேன். அவசரக் கோலம் அள்ளித் தெளித்தது. புளித்தண்ணீரில் காய் சீக்கிரம் வேகாது; வெல்லம் சேர்ந்தாலோ வெந்த மட்டில் விறைத்துக்கொள்ளும்; காய் முக்கால் பதம் வெந்த பிறகு புளி, புளி பச்சை வாசனை போன பிறகு வெல்லம் என்பது அதில் உள்ள தர்மம். இதை ஆச்சி சொல்லவில்லை. படத்து அம்மையாரும் சொல்லவில்லை. தெரியாதவன் ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

விறைத்துக்கொண்ட துண்டுகள் வேகட்டும் என்று மூடிவைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, வெல்லம் சுற்றி வந்த காகிதத்தைப் படிக்கத் தொடங்கினேன். பழைய வரன் விளம்பரங்கள். ஒரு பக்கம் முழுவதும். 'இல்லறக் கலைகளில் தேர்ந்த மணமகள் தேவை' என்று ஒருவர் கேட்டிருந்தார். வெல்லம் தட்டத் தெரிந்தவளா என்று ஏன் நேராகக் கேட்கக்கூடாது?

காய்க்கு இனிப்புப் பூசும் இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சுக்காரர்கள் காரட்டை வெண்ணெயிலும் சர்க்கரையிலும் கொஞ்சம் தண்ணீரிலும் வேகவிட்டு, பாத்திரத்தின் வாய்க்குச் சரியாக ஒரு காகிதத்தை வட்டமாக வெட்டி மேலே மூடி, தண்ணீர் வற்ற வற்றப் பளபளப்பு ஏறுவதைக் காத்திருந்து எடுக்கிறார்கள். டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சின்ன உருளைக்கிழங்கைச் சர்க்கரைப் பாகில் புரட்டிப் பழுப்பாக்குகிறார்கள். அமெரிக்கரோ சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல், கிழங்கின் பெயரிலேயே சர்க்கரை இருப்பது போதாதென்று, பஞ்சு போன்ற மிட்டாயையும் அடுக்கிச் சுட்டு, வான்கோழியோடு சாப்பிடுகிறார்கள். இவர்களில் எவரும் மண்டை வெல்லத்தைத் தட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உலகத்தில் நாகரிகம் பரவிய விதமே வேறு.

ஆவுடையார்கோயிலும் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மாணிக்கவாசகரை ஆட்கொண்ட அந்தத் தலத்தில் ஆத்மநாதருக்கு நைவேத்தியம் என்ன தெரியுமா? புழுங்கலரிசிச் சோறு, கீரை, பாகற்காய். சோற்றைக் கல்மேடையில் ஆவி பறக்கக் கொட்டி வைப்பார்கள். அந்த ஆவிதான் நிவேதனம். பாகற்காய்! வெல்லத்தை இந்த மண்ணில் காய்ச்ச வைத்த கடவுள், தமக்கென்று வரும்போது கசப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றால் அதில் ஏதோ அனுபவம் இருந்திருக்க வேண்டும். உருவமில்லாத அவர் ஆவியைக் கொண்டே திருப்தி அடைகிறார் என்பதை நான் சிந்தித்துக்கொண்டிருந்தபொழுதுதான் வாசலில் மைத்துனர் செருப்பைக் கழற்றும் சத்தமும், அடுப்படியிலிருந்து ஒரு வாசனையும் ஏககாலத்தில் வந்தன.

பாகு என்பது சாதுவான பிராணி என்று நினைக்கிறவர்கள் ஏமாறுவார்கள். சட்டியில் தண்ணீர் தாராளமாக இருக்கும் மட்டும் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. நீங்கள் காகிதம் படிக்கலாம், ஆவுடையார்கோயிலுக்குப் போய்விட்டு வரலாம். கடைசிச் சொட்டு வற்றியதோ, அது வேறு அவதாரம் எடுக்கிறது. ஓடிப் போய் மூடியைத் திறந்தேன். புகை விலகியதும், கருஞ்சிவப்பாக ஏதோ குமிழியிட்டது தெரிந்தது. கம்பிப் பதமா, முறுகிவிட்டதா என்று, பெண்டுகள் செய்வதைப் பார்த்திருந்தபடியால், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தொட்டுப் பிரித்துப் பார்த்தேன். இந்தப் பரீட்சையை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆறிய துளியைத் தொட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

அணைத்த பிறகுதான் முழு விபரீதமும் தெரிந்தது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். சட்டியின் அடியில், கரியான பரங்கிக்காயைச் சுற்றி, பாதரசம் போல அங்கங்கே பளபளவென்று சில மணிகள் உருண்டு நின்றன. பதார்த்தத்துக்கு வர வேண்டிய பளபளப்பு பாத்திரத்திலிருந்து கிளம்பி வந்திருந்தது. சிறுவயதில் 'ஈயம் பூசறதே' என்று கூவிக்கொண்டு துருத்தியும் நவச்சாரமுமாக ஒருவர் தெருவில் வருவார். மண்ணில் குழி பறித்துக் கரி மூட்டி, பாத்திரத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பஞ்சால் துடைக்கும்பொழுது, பழுப்பு வெள்ளியாகும் அந்த வித்தையைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை முழுவதும் கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு, தெற்கு என்று நான்கு ராஜ வீதிகளிலும் பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கினேன். "இப்ப யாரு சார் ஈயம் பூசுறா? எடைக்குப் போட்டுட்டு எவர்சில்வரா எடுத்துக்கிடுங்க" என்கிறார்கள்.

மைத்துனரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர் வந்து, மூக்கை ஒரு தடவை உறிஞ்சி, ஜன்னலைத் திறந்துவிட்டு, "ஊறுகாய் இருக்குல்ல மாப்பிள்ளை? அது போதும். எங்க வீட்டுல காய்க்கு வெல்லமே போடுறதில்லை" என்றார். இதிலே ஒரு குத்தல் இருக்கிறது. காய்க்கு வெல்லம் போடலாமா கூடாதா என்பது எங்கள் இரு குடும்பங்களுக்கும் இடையே, கல்யாணச் சாப்பாட்டு நாளிலிருந்து நடந்துவரும் வழக்கு. திருமயத்தில் ஒரே குன்றை வைத்துக்கொண்டு சைவரும் வைணவரும் வழக்காடியபோது, 13ஆம் நூற்றாண்டில் போசளத் தண்டநாயகர் ஒருவர் வந்திருந்து தீர்த்துவைத்தார். எங்களுக்கு அப்படி ஒருவரும் வரவில்லை.

திங்கட்கிழமை ரசத்துக்கு மிளகு தேடினேன். அலமாரியில் 'கடுகு' என்று என் மனைவியின் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய ஒரு பெரிய கண்ணாடிப் புட்டியைத் திறந்தேன். உள்ளே, மாவு போலத் தட்டி, சலித்து, ஒரு மாதத்துக்குக் காணும்படி, வெல்லம். எறும்பை ஏமாற்றவா, என்னை ஏமாற்றவா, அந்தச் சீட்டை ஒட்டினாள் என்று தெரியவில்லை. எறும்பு ஏமாறவில்லை; இரண்டு உள்ளே இருந்தன.

போகட்டும். வாக்களித்தபடி, அந்தப் புளிக்கறியை மெய்யாகவே விரைவாகச் செய்யும் உபாயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு பரங்கிக் கீற்றை எடுத்து, விதையும் நாரும் நீக்கி, தோலைச் சீவாமல்...

இதை எழுதிக்கொண்டிருக்கும்பொழுதே தொலைபேசி அடித்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து அவள்தான்.

"நாளைக்குக் காலைல கிளம்பி வர்றேங்க. அண்ணன் போன் பண்ணுச்சு. உங்களுக்குப் புளிக்கறி மேல ஆசை வந்திருக்குன்னு சொல்லுச்சு. வாய்விட்டுக் கேட்டா நான் செஞ்சு தர மாட்டேனா? வர்ற வழியில ஒரு கீத்து வாங்கிட்டு வந்துடுறேன். அஞ்சு நிமிச வேலை. பரண்ல அம்மா குடுத்த பித்தளைச் சட்டி இருக்கு பாருங்க, அதை மட்டும் இறக்கித் தொடைச்சு வைங்க."

சரி என்றேன்.